சைலன்சர் ஓட்டை என்றுதான் சொன்னார்கள்

என் கார் 2010 ஏப்ரலில் வாங்கியது. 1.3 லிட்டர் டீசல். அந்தக் காலத்தில் ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் ஓடிய ஃபியட் எஞ்சின் என்றால் டீசல் வண்டி வைத்திருந்தவர்களுக்குப் புரியும். 2024 ஆகஸ்டில் அதன் சைலன்சர் ஓட்டையானது. அதை ஒழுங்காகச் சரிசெய்து முடிக்க 2025 ஜனவரி ஆகிவிட்டது. நடுவில் நான்கு பட்டறைகள், இரண்டு சைலன்சர்கள், 20,800 ரூபாய். அதில் 13,000 ரூபாய் நியாயமான செலவு. மீதி 7,800 எனக்கு விவரம் தெரியாததால் போனது. பணம் போனதைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். அத்தனை மாதமும் என் அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து அந்தப் புகையைச் சுவாசித்திருக்கிறாள் என்பதை நினைத்தால்தான் இன்னும் நெஞ்சு அடைக்கிறது. கூட வந்து கேட்க ஆள் இல்லாமல் பழைய டீசல் வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்துவிட்டுப் போனால் போதும்.

வண்டியின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் துரு அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. அப்பா இருந்தவரை மாதம் ஒருமுறையாவது சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் ஓடிய வண்டி. அவர் போன பிறகு நானும் அம்மாவும் மடிப்பாக்கத்தில். வாரம் இரண்டு நாள் அம்மாவை முழங்கால் பிசியோதெரபிக்கு வேளச்சேரிக்குக் கூட்டிப்போய் வருவேன். போக நாலு கிலோமீட்டர், வர நாலு கிலோமீட்டர். வண்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றே நினைத்திருந்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. டெயில் பைப் முழுக்க மூழ்கியிருந்தது. ஸ்டார்ட் பண்ணாமல் இழுத்துக்கொண்டு போய் எஞ்சின் ஆயில், பிரேக் எல்லாம் பார்த்தோம். சைலன்சரை யாரும் பார்க்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்டில் ஒரு காலை அம்மாதான் முதலில் சொன்னாள். "ஏட்டி, என்ன சத்தம் இது, டிராக்டர் மாதிரில்லா கத்துது." டீசல் வண்டி பழசானால் சத்தம் வரும் என்று நான் இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். ஆக்சிலரேட்டரை மிதித்தால் தெருவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வந்த பிறகுதான் பக்கத்துத் தெரு வெல்டிங் கடைக்குப் போனேன். அங்கிருந்த பையன் ஜாக்கி போட்டுக் குனிந்து பார்த்தான். "சின்ன ஓட்டைதான்க்கா, ரெண்டு எடத்துல இருக்கு, அடைச்சு விட்டுடறேன்" என்றான். ஒன்று துரு அரித்த ஓட்டை. இன்னொன்று சைலன்சரின் அடிப்பக்கம், குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக. இரண்டையும் அடைத்தான். 500 ரூபாய். கேட்காமலே இரண்டாவது ஓட்டையையும் பார்த்து அடைத்தானே என்று எனக்குச் சந்தோஷம்.

அந்த இரண்டாவது ஓட்டை கம்பெனியிலேயே வைத்த ஓட்டை என்று தெரிய எனக்கு ஐந்து மாதம் ஆனது. டீசல் எரியும்போது புகை மட்டும் வருவதில்லை, தண்ணீரும் ஆவியாக வருகிறது. ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். பைப் நன்றாகச் சூடாகியிருந்தால் அந்த ஆவி அப்படியே வெளியே போய்விடும். நாலு கிலோமீட்டர் போய் நிறுத்தினால் கடைசியில் இருக்கும் சைலன்சர் சூடாகவே சூடாகாது. ஆவி குளிர்ந்து அதன் வயிற்றிலேயே தங்கும். டீசலில் இருக்கும் கந்தகமும் எரிந்து அந்தத் தண்ணீரில் கலந்து அமிலமாகும். பி.எஸ். என்பது அரசின் மாசுக் கட்டுப்பாட்டுத் தரம். இப்போதைய பி.எஸ். 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். பி.எஸ். 3 காலத்தில் 350 வரை இருந்தது. இந்தத் தண்ணீர் வடியத்தான் அடியில் அந்தச் சின்ன ஓட்டை. அதை அடைத்ததும் சைலன்சர் உள்ளிருந்து மளமளவென்று அழுக ஆரம்பித்துவிட்டது. ஆகவே வெல்டிங் வைக்க விடும்போது, அடிப்பக்கம் சுத்தமான வட்டமாக ஒரு சிறு துளை இருந்தால் அதைத் தொட வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். துரு ஓட்டைக்கு ஓரம் பிய்ந்தும் செதில் செதிலாகவும் இருக்கும். பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

ஆறே வாரம். அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, முந்தைய வருட பயத்தில் நானும் வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓரமாக வரிசையாக நூற்றுக்கணக்கில் கார்கள். இரண்டு நாள் கழித்து எடுக்கப்போய் சாவியைத் திருப்பியதும் வந்த சத்தத்தில் முன்னால் நின்ற காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் பதறி விலகினார். சைலன்சரின் ஓரத் தையல் நீளத்துக்கும் பிளந்திருந்தது. எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது. வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட அன்று தோன்றியது.

இரண்டாவது பட்டறையில் பேட்ச் மேல் பேட்ச் வைத்தார்கள். 700 ரூபாய். இங்கே இன்னும் இரண்டு காரியம் நடந்தது. சைலன்சரைத் தாங்கும் கொக்கிகளில் ஒன்று ஒடிந்திருந்தது. அந்த இடத்தில் ரப்பருக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி போட்டு முறுக்கிவிட்டார்கள். மேலே இருந்த வெப்பத் தடுப்புத் தகடு கடகடவென்று ஆடுகிறது என்று கழற்றி ஓரமாகப் போட்டார்கள். "இது சும்மா தகடும்மா, இல்லன்னா ஒண்ணும் ஆகாது." நான் தலையாட்டினேன். கட்டுக்கம்பி எஞ்சின் அதிர்வை அப்படியே பாடிக்குக் கடத்தும் என்பதும், அந்தத் தகடு இல்லாவிட்டால் வெப்பம் மேலே இருக்கும் தரைத்தகட்டுக்கும் பக்கத்தில் போகும் ஹேண்ட் பிரேக் கேபிளுக்கும் ஏறும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. கழற்றிய எதையும் திரும்பப் போடாமல் வண்டியை எடுக்காதீர்கள். தகடு ஆடினால் ஒரு வாஷர், ஒரு கிளாம்ப் போதும்.

துருப்பிடித்த தகட்டில் வெல்டிங் ஏன் நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓட்டை தெரியும் இடத்தில் துரு முடிந்துவிடுவதில்லை. அதைச் சுற்றி ஒரு சாண் தூரம் தகடு அப்பளமாக ஆகியிருக்கும். அதில் நெருப்பு பட்டால் ஓட்டை இன்னும் பெரிதாகும், இல்லையென்றால் பேட்ச் ஓரமாகவே அடுத்த மாதம் பிளக்கும். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சைலன்சரைச் சுற்றித் தட்டச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், அழுகின இடத்தில் மொத்தென்று கேட்கும். பாதிக்கு மேல் மொத்தென்றால் வெல்டிங் காசு வீண். பைப்பில் கல் பட்ட ஓட்டை, ஜாயின்ட்டில் விட்டுப்போன வெல்டிங், இவற்றுக்குப் பேட்ச் தாராளமாக வைக்கலாம்.

நவம்பரில் மூன்றாவது பட்டறை. இந்தமுறை நானே புது சைலன்சர் போடச் சொன்னேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டால் நடு பைப்பும் சேர்த்து முழு செட்டாக 24,000 சொன்னார்கள். பட்டறைக்காரர் "வெளி மார்க்கெட்ல 3,200 மேடம், அதே சாமான்தான்" என்றார். மாட்டக் கூலி 800. ஆக 4,000. வந்த சைலன்சர் பழையதைவிட இரண்டு விரல் நீளம். ஃபிளாஞ்சை, அதாவது போல்ட் போட்டு பைப்போடு சேர்க்கும் தகட்டை வெட்டி, சற்றுச் சாய்த்து ஒட்டிவிட்டார்கள். வண்டியை எடுக்கும்போது நான் சத்தம் குறைந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். பாதி குறைந்திருந்தது. தெருமுனை ஸ்பீடு பிரேக்கரில் அடி தட்டியது. பத்து நாளில் பின் பம்பரின் கீழ் ஓரம் கொப்புளம் கொப்புளமாக உப்பியிருந்தது. டெயில் பைப் பம்பரைப் பார்த்துச் சாய்ந்திருந்ததால் வெப்பம் நேராக அங்கே அடித்திருக்கிறது.

இதே சமயத்தில்தான் அம்மாவுக்குத் தலைவலி. பிசியோவுக்குப் போய்வந்த நாட்களில் மட்டும். "மண்டையிடிக்கி, கண்ணு எரியுது" என்பாள். ஒருநாள் வீட்டு வாசலில் இறங்கியதும் வாந்தி எடுத்தாள். பிபி மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நான் முடிவுகட்டி டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பஸ்லயோ ஆட்டோலயோ போனா வருதா, இல்ல உங்க கார்ல போனா மட்டுமா?" என் கை சில்லிட்டுப்போனது. எனக்கும் வண்டிக்குள் ஒரு வாடை தெரிந்துதான் இருந்தது. பழைய டீசல் வண்டி என்றால் இப்படித்தான் என்று பழகியிருந்தேன். எங்கள் வண்டி ஹேட்ச்பேக், டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிராத வகை. அது ஓடும்போது பின்பக்கம் காற்று சுழன்று அழுத்தம் குறையும். டிக்கி ரப்பர் பீடிங் கிழிந்திருந்தாலோ பின் கண்ணாடி இறங்கியிருந்தாலோ வெளியே விட்ட புகை திரும்ப உள்ளே இழுக்கப்படும். எங்கள் வண்டியில் இரண்டுமே. அம்மாவுக்குக் காற்று வேண்டும் என்று நான்தான் பின் கண்ணாடியை இறக்கிவிடுவேன். பெட்ரோலைவிட டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு குறைவுதான். ஆனாலும் அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வண்டிக்குள் புகை வாடை வருகிறது என்றால் அதற்குப் பழகிக்கொள்ளாதீர்கள். அன்றே வண்டியை நிறுத்துங்கள். நான் அன்றோடு நிறுத்தினேன். அதன்பிறகு வேலை முடியும்வரை ஆட்டோவுக்கு 2,600 ஆனது. அதில் ஒரு ரூபாய்க்குக்கூட எனக்கு வருத்தமில்லை.

நல்ல பட்டறையைக் காட்டியது அந்த ஆட்டோக்காரர்களில் ஒருவர்தான். தாம்பரம் போகும் சாலையில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப்பலகை மங்கிப்போயிருந்தது. உள்ளே வண்டியின் அடியில் நின்று பார்க்கும் பள்ளம் உண்டு. அங்கிருந்த பெரியவர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "இன்னிக்கு வேணாம்மா. வண்டிய இங்கயே விட்டுட்டுப் போங்க. நாளைக்குக் காலைல எஞ்சின் ஆறின பிறகு பாக்கணும்" என்றார். சைலன்சர் வேலைக்கு ஆறிய எஞ்சினில் பார்க்க வேண்டும் என்று சொன்ன முதல் ஆள் அவர்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குப் போனேன். பையனை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு, பெரியவர் கனத்த ஈரச்சாக்கை மடித்து டெயில் பைப் வாயில் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தார். ஓட்டை இல்லாத வண்டி என்றால் எஞ்சின் திணறும், சாக்கைத் தள்ளும். என் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. முன்பக்கம் எங்கோ புஸ் புஸ் என்று கேட்டது. என்னைப் பள்ளத்துக்குள் இறங்கச் சொன்னார். எஞ்சினுக்குக் கீழே, வளையும்படி கம்பிவலை சுற்றியிருக்கும் ஒரு குட்டை பைப். ஃபிளெக்ஸிபிள் என்கிறார்கள். அந்த வலை பாதி பிய்ந்து முடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குக் கன்னங்கரேலென்று கரி. விரலால் தொட்டு என்னிடம் காட்டினார், மை தொட்டதுபோல் இருந்தது. "புகை எங்க லீக் ஆகுதோ அங்க கையெழுத்துப் போட்டு வச்சிருக்கும்மா" என்றார். மூன்று பட்டறையும் சத்தம் பின்னால் கேட்கிறது என்று பின்னாலேயே பார்த்திருக்கின்றன. முன்பக்கம் யாருமே குனியவில்லை.

ஃபிளெக்ஸிபிள் ஏன் பிய்ந்தது என்று நானே கேட்டேன். அவர் பானெட்டைத் திறந்து எஞ்சினை அணைக்கச் சொன்னார். அணையும்போது எஞ்சின் ஒரு குதி குதித்து ஆடி நின்றது. "பாத்தீங்களா? கீழ மவுண்டிங் ரப்பர் கிழிஞ்சிருக்கு. எஞ்சின் ஆடற ஆட்டத்தையெல்லாம் இந்தப் பைப்தான் வாங்கியிருக்கு." இதுதான் விஷயம். மவுண்டிங் என்பது எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர். எஞ்சின் ஆடுகிறது, சைலன்சர் பாடியில் தொங்குகிறது, நடுவில் இருக்கும் ஃபிளெக்ஸிபிள் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் தாங்கும். மவுண்டிங் போய்விட்டால் ஆட்டம் பல மடங்கு. போதாததற்குப் பின்னால் ரப்பருக்குப் பதில் கட்டுக்கம்பி போட்டு இறுக்கியாயிற்று. நகர இடமில்லாமல் பைப் பிய்ந்துவிட்டது. புது சைலன்சர் எத்தனை போட்டிருந்தாலும் வண்டிக்குள் வாடை போயிருக்காது. இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு வேறொருவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொல்லுங்கள். லேசான நடுக்கம் எல்லா டீசலிலும் உண்டு. குதித்தால் மவுண்டிங்கைக் கவனிக்க வேண்டும்.

அவர் எழுதிக்கொடுத்த கணக்கை அப்படியே தருகிறேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பின் சைலன்சர் மட்டும் தனியாக, கம்பெனி பார்ட்டே கிடைத்தது, 5,900. ஃபிளெக்ஸிபிள் 1,900. எஞ்சின் மவுண்டிங் 2,150. சைலன்சர் ரப்பர் நாலு, தலா 110 வீதம் 440. பேக்கிங் 160. போல்ட், கிளாம்ப் 250. கூலி 2,200. ஆக 13,000. முழு செட்டுக்கு 24,000 சொன்ன இடத்தில் "பின் பெட்டி தனியாக வருமா" என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. சில வண்டிகளுக்கு வராது, பலவற்றுக்கு வரும். நடு பைப் நன்றாக இருந்தால் மாற்ற அவசியமில்லை. வெளி மார்க்கெட் சாமானே மோசம் என்றும் சொல்லமாட்டேன். வாங்கும் முன் பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீளம், கொக்கி இருக்கும் இடம், ஃபிளாஞ்ச் துளைகள் மூன்றையும் பார்த்துவிடுங்கள். வெட்டி ஒட்டினால்தான் சேரும் என்றால் அது உங்கள் வண்டிக்கான சாமான் இல்லை. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பவர்களிடம், காந்தம் ஒட்டுகிறதே, ஏமாற்றுகிறீர்களே என்று சண்டை போடவும் வேண்டாம். சைலன்சருக்கு அதிகம் பயன்படும் 409 வகை ஸ்டெயின்லெஸ்ஸில் காந்தம் ஒட்டும். காந்தத்தைவிட எடையும் தகட்டின் கனமும் நல்ல அடையாளம்.

பார்ட் வர ஒன்பது நாள். வேலை நடந்த அன்று முழுக்க அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தின இரவே ஆயில் விட்டு ஊறவைத்திருந்தார். அப்படியும் ஒன்று முறிந்தது, அதைத் துளைபோட்டு எடுக்கவே ஒரு மணி நேரம். ஃபிளெக்ஸிபிளை ஒட்டும் முன் பாட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவைத்தார். முதல் மூன்று பட்டறையிலும் யாரும் கழற்றவில்லை. வெல்டிங் கரண்ட் திசைமாறிப் பாய்ந்தால் எஞ்சின் கம்ப்யூட்டரும் ஆல்டர்னேட்டரும் போக வாய்ப்புண்டு. பக்கத்தில் டீசல் பைப் போகும் இடத்தில் ஈரச்சாக்கு போர்த்தினார். பையன் ஒருவன் தண்ணீர் வாளியோடு நின்றான். போல்ட்டுகளை முதலில் தளர்வாகப் போட்டு, எல்லா ரப்பரும் மாட்டி, சைலன்சர் தானாக நேராகத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகே முன்னாலிருந்து பின்னால் ஒவ்வொன்றாக இறுக்கினார். வெப்பத் தகட்டுக்கு வேறு வண்டியின் பழைய தகட்டை அளவாக வெட்டிப் போட்டார், அதற்குக் காசு வாங்கவில்லை. டிக்கி பீடிங்கை நானே பிறகு மாற்றினேன்.

கழற்றிய சைலன்சர் இரண்டையும் காட்டினார். வண்டியோடு கம்பெனியிலிருந்தே வந்த பழையதை நான் டிக்கியிலேயே போட்டு வைத்திருந்தேன். அதை வெட்டிக் கவிழ்த்தார். ஒரு டம்ளருக்கு மேல் கறுப்புத் தண்ணீர், கூடவே கைப்பிடி துருச் செதில். முதல் பையன் அடைத்த துளையை விரலால் காட்டினார். எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து புரிந்தது.

இன்னொன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. மூன்றாவது பட்டறையில், "கன்வெர்ட்டரை எடுத்துட்டா பிக்கப் நல்லா இருக்கும், ஃப்ரீயாவே எடுத்துத் தர்றேன்" என்று சொன்னார்கள். நான் தயங்கியதால் விட்டுவிட்டார்கள். கன்வெர்ட்டர் என்பது புகையின் நச்சைக் குறைக்கும் பெட்டி. அதனுள் பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. இலவசம் என்று சொல்வதன் காரணம் அதுதான். அதை எடுத்துவிட்டால் வண்டி விடும் நச்சுப் புகை கூடும், சட்டப்படியும் தப்பு. சைலன்சர் இல்லாமல் ஓட்டுவதும் மோட்டார் வாகன விதிகளின்படி குற்றம்தான். 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகம் போகிறவர்கள் புகைச் சான்றிதழ் எடுக்கும் முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். எனக்கு 2025 ஏப்ரலில் அந்தக் கெடு இருந்தது. வண்டி தடையில்லாமல் தேறி ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தாயிற்று.

அம்மாவுக்குத் தலைவலி அதோடு நின்றது. இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவளைக் கூட்டிக்கொண்டு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்வருகிறேன். பைப் கடைசிவரை சூடாகி உள்ளே இருக்கும் ஈரம் காயட்டும் என்றுதான். போன வாரம் காலையில் வண்டியை எடுக்கும்போது கீழ்வீட்டுக்காரர் ஓடிவந்தார். "மேடம், சைலன்சர்லேர்ந்து தண்ணி சொட்டுது, ஓட்டை போல. எனக்குத் தெரிஞ்ச வெல்டிங் கடை இருக்கு." குனிந்து பார்த்தேன். அந்தச் சின்ன வட்டத் துளையிலிருந்து சொட்டு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அவரையும் குனியச் சொல்லிக் காட்டினேன்.